ஏர்கன் சத்தம்: பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்யாமல் பழகுவது எப்படி

ஏர்கன், அதாவது காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி, வாங்கிய முதல் வாரம். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு பழைய பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து வைத்து, எதிர் மூலையிலிருந்து சுட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். பட்டால் 'டங்' என்று கேட்கும். அந்தச் சத்தம்தான் அப்போது எனக்குச் சந்தோஷம். மூன்றாம் நாள் மாலை பக்கத்து வீட்டு அக்கா படியேறி வந்தார். "இன்னாப்பா தம்பி, மேல தகரம் அடிச்சிகினே இருக்கியா? அம்மா ஆஸ்பத்திரியில இருந்து வந்து ரெண்டு நாள்தான் ஆவுது, கண்ணு மூட முடியல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனாலேயே மனதில் ரொம்ப உறைத்தது.

அன்று ராத்திரி அவர் சொன்ன வார்த்தையை யோசித்துப் பார்த்தேன். 'துப்பாக்கி' என்று அவர் சொல்லவில்லை, 'தகரம்' என்றார். நானோ துப்பாக்கியின் சத்தத்தை எப்படிக் குறைப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததில் பெரும்பங்கு டப்பாவின் சத்தம். புதிதாக ஏர்கன் எடுப்பவர்கள் அநேகமாக எல்லோரும் இதே இடத்தில்தான் தவறுகிறார்கள். குழல் முனையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இலக்கு, தரை, சுவர் இந்த மூன்றையும் சரிசெய்தாலே பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிடும். துப்பாக்கிக்குள் கைவைப்பது அதற்கு அப்புறம்தான்.

எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

தொடங்கும் முன்

இந்தியாவில் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழல் விட்டமும், குழல் முனையில் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் கொண்ட ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டியதில்லை. அதற்கு மேலே போனால் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவை. வாங்கும்போது பில்லில் இந்த விவரம் இருக்கிறதா என்று பார்த்து, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சைலன்சர். சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வரும் சொல் இதுதான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'துப்பாக்கி' என்பதற்குக் கொடுத்திருக்கும் வரையறையைப் படித்துப் பாருங்கள். சுடும்போது எழும் ஒலியையோ ஒளியையோ குறைப்பதற்கென்று செய்த துணைக்கருவியும் அந்த வரையறைக்குள்ளேயே வருகிறது. ஏர்கன்னுக்குத்தானே என்று குழல் முனையில் எதையாவது செய்து மாட்டிவிட்டு, பிறகு காவல் நிலையத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லும் நிலை யாருக்கும் வேண்டாம். செய்யாதீர்கள், வாங்காதீர்கள், யாராவது கொடுத்தாலும் மாட்டாதீர்கள். இந்தக் கட்டுரையில் அது இல்லை. அது இல்லாமலே காரியம் நடக்கும்.

மூன்றாவது, பறவைகள். காக்கா, புறா, மைனா எதையும் குறிபார்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒரு பக்கம். ஓர் உயிரைக் காயப்படுத்திப் பழகும் குறி எனக்குத் தேவையில்லை என்பது இன்னொரு பக்கம். அட்டையில் இருக்கும் புள்ளியை அடிப்பதே வாழ்நாள் முழுக்கப் போதுமான வேலை. 10 மீட்டர் ரைஃபிள் போட்டியில் நடு வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பெயர் வாங்கியதும் இதில்தான்.

முதல் வேலை: காதால் பிரித்துப் பாருங்கள்

ஏர்கன் சத்தம் என்று நாம் சொல்வது ஒரே சத்தம் இல்லை. குழல் முனையிலிருந்து காற்று வெளியே பாய்வது ஒன்று. ஸ்பிரிங் துப்பாக்கியாக (ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்தும் வகை) இருந்தால் உள்ளே பிஸ்டன் போய் முட்டுவதும் ஸ்பிரிங் அதிர்வதும் இன்னொன்று. பெல்லட், அதாவது சுடும் சின்ன ஈயக் குண்டு, இலக்கில் மோதுவது மூன்றாவது. பெல்லட் ஒலியின் வேகத்தைத் தாண்டினால் வரும் சொடுக்கு நான்காவது. இத்தனையும் கலந்து ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரியாக நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட், 10 மீட்டரைக் கடக்க 0.05 நொடி எடுக்கும். மோதிய சத்தம் உங்களிடம் திரும்பி வர இன்னும் 0.03 நொடி. இவ்வளவு குறுகிய இடைவெளியில் காது எல்லாவற்றையும் ஒரே 'டப்' என்றுதான் எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. சுடும்போது கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் ஒட்டியிருக்கிறது. ஸ்பிரிங்கின் அதிர்வு கன்ன எலும்பு வழியாக நேராகக் காதுக்குள் போகிறது. அதனால் துப்பாக்கி பயங்கரமாகக் கத்துகிறது என்று சுடுபவருக்குத் தோன்றும். பத்தடி தள்ளி நிற்பவருக்கு அவ்வளவு தெரியாது. ஆகவே உங்கள் காதை மட்டும் நம்பாதீர்கள்.

போனை எடுங்கள். ஒலிப்பதிவுச் செயலியை ஓடவிட்டு, பக்கத்து வீட்டை ஒட்டிய காம்பவுண்டுச் சுவரின் மேல், சுடும் திசையிலிருந்து முழுக்க விலகிய இடத்தில் வையுங்கள். ஐந்து முறை சுடுங்கள். அப்புறம் பதிவின் அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறை சுட்டதற்கும் இரண்டு கூம்புகள் பக்கம் பக்கமாகத் தெரியும். முதலாவது துப்பாக்கி, இரண்டாவது மோதல். என் பதிவில் இரண்டாவது கூம்பு முதலாவதைவிட உயரமாக, கூடவே நீளமான வாலோடு இருந்தது. டப்பா அதிர்ந்து அடங்கும் அந்த இழுவைதான் வால். அக்காவின் அம்மாவைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

இந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு, அதே இடத்தில் போனை வைத்து, அதே ஐந்து முறை சுட்டு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது: பெல்லட் பெட்டி

சுட்ட பெல்லட்டைப் பிடித்து நிறுத்தும் பெட்டி இது. அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான். தகர டப்பா, இரும்புத் தகடு, ஓடு, பாட்டில், இவற்றையெல்லாம் இலக்காக வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், கெட்டியான பரப்பில் பட்ட பெல்லட் தெறித்துத் திரும்பி வரும். கண் போனால் வராது. பெட்டி வைத்தாலும் சரி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடாதீர்கள்.

எனக்கு வேலைக்கு வந்த பெட்டி இப்படித்தான். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒன்றேகால் அடி உயரம், ஒன்றேகால் அடி அகலம், முக்கால் அடி ஆழம். முன்பக்கம் திறந்திருக்கும். ஆசாரியிடம் மிச்சம் மீதிப் பலகை கேட்டாலே கிடைத்துவிடும். பின்பக்கத்தின் உட்புறத்தில் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்று. இது கடைசிக் காவல். பெல்லட் இங்கே வரை வரவே கூடாது, வந்தால் நிற்க வேண்டும் என்பதற்காக வைப்பது. தகட்டுக்கு முன்னால் தோல்.

இதில் நம் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று சுற்றிலும் தோல் தொழில். செருப்பு, ஷூ வெட்டியது போக மிஞ்சும் கழிவுத் தோலைத் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தால் ஒரு பை கிடைக்கும். தடித்த தோல்துண்டுகளை மூன்று நான்கு அடுக்காகத் தகட்டின் மேல் ஒட்டிவிட்டால், எப்போதாவது ஒரு பெல்லட் உள்ளே வரை வந்தாலும் 'டங்' வராது, 'தப்' என்றுதான் வரும். தோல் கிடைக்காவிட்டால் பழைய லாரி டியூப் துண்டுகள் போதும்.

அடுத்து, நிரப்புவது. நான் மூன்று பொருளைப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் மணல். சத்தம் நன்றாகவே அடங்கியது. ஆனால் பெல்லட் மணலில் மோதி உடைகிறது, ஈயத் தூள் கலந்த புழுதி முன்னால் கிளம்புகிறது. வீட்டுக்குள் இது கூடவே கூடாது. பெட்டிக்குப் பின்னால் சாக்கில் கட்டி முட்டுக் கொடுக்க மட்டும் மணல் நல்லது.

அடுத்து தென்னை நார்க்கழிவு. இங்கே பாலாற்றங்கரைத் தோப்புகளில் சும்மா கிடைப்பதுதான். ஆனால் ரொம்ப லேசு. எவ்வளவு அமுக்கினாலும் பெல்லட் துளைத்துக்கொண்டு போய்த் தகட்டைத் தொட்டுவிடுகிறது. அதைவிடப் பெரிய கஷ்டம், ஈயம் கலந்த அந்தக் கழிவைப் பிறகு செடிக்கும் போட முடியாது.

மூன்றாவதாகப் பழைய துணி. இதுதான் நிலைத்தது. குடியாத்தம் லுங்கி நைந்து போனது, கிழிந்த வேட்டி, பழைய போர்வை. சும்மா திணித்தால் வேலைக்கு ஆகாது. முழ நீளமாகக் கிழித்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பந்து மாதிரி இறுக்கிச் சுருட்டி, வரிசையாக அடுக்கி, காலால் மிதித்து அழுத்திக் காயவிட வேண்டும். காய்ந்தபின் கையை உள்ளே நுழைக்க முடியாத அளவுக்குக் கெட்டியாக இருந்தால் சரி. நெடுஞ்சாலை ஓரம் டயர் ரீட்ரெடிங் கடை பக்கத்தில் இருந்தால், பழைய டயரைச் சீவும்போது விழும் ரப்பர் துருவலைக் கேட்டு வாங்கி, துணிப் பந்துகளுக்கு நடுவில் இருக்கும் சந்துகளில் தட்டித் திணியுங்கள். அது இன்னும் நன்றாக அடக்கும். ரப்பர் தீப்பிடித்தால் அணைப்பது சிரமம், அடுப்பு பக்கமோ பூஜை விளக்கு பக்கமோ வேண்டாம்.

முன்பக்கத்தை ஓர் அட்டைப்பெட்டித் துண்டால் மூடி, அதன்மேல் இலக்குத் தாளைக் குத்துங்கள். தாள் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தால் அதுவே பறை மாதிரி ஒலிக்கும், கொஞ்சம் தளர்வாக விடுங்கள்.

பெட்டியை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நான் முதலில் சுவரோடு சேர்த்து வைத்தேன். 'தப்' சத்தம் குறைந்தது, ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு யாரோ சுவரில் குத்துவது போல இருந்திருக்கிறது. மோதலின் அதிர்வு செங்கல் வழியாகவே போய்விடும். ஒரு பழைய ஸ்கூட்டர் டயரைத் தரையில் படுக்க வைத்து, அதன்மேல் மணல் சாக்கு, அதன்மேல் பெட்டி. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. இதைச் செய்த பிறகு எடுத்த பதிவில் இரண்டாவது கூம்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஒரே புள்ளியில் தொடர்ந்து சுடும்போது துணியில் சுரங்கம் மாதிரி ஒரு துளை விழும். இருநூறு, முந்நூறு பெல்லட்டுக்கு ஒரு தடவை துணியைக் கலைத்துத் திரும்ப அடுக்குங்கள். சத்தம் மெல்ல மாறி, அடியில் ஒரு கெட்டிச் சத்தம் சேரத் தொடங்கினால் அதற்கான நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது: இடம்

மொட்டை மாடியை விட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்து மாடிகள், தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போட வருபவர்கள், எல்லாம் துப்பாக்கி மட்டத்திலேயே இருக்கும் இடம் அது. குறி தவறிய பெல்லட் சில நூறு மீட்டர்கூடப் போகும். சத்தத்துக்கும் அங்கே தடையே இல்லை.

வேலூரில் பழைய தெருக்களில் வீடுகள் அகலம் குறைந்து, தெருவிலிருந்து கொல்லை வரை ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். அப்படிப்பட்ட வீடு கிடைத்தவர் பாக்கியசாலி. பின்கட்டிலிருந்து கூடம் வழியாக 10 மீட்டர் நேர்கோடு வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடும். தெருக்கதவையும், நடுவில் திறக்கும் கதவுகளையும் தாழ்போட்டு, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் உங்களுக்குப் பின்னால் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் பெல்லட்டை எடுக்க வேண்டும். பிள்ளைகள் பழகினால் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

உள்ளே சுடும்போது எதிரொலிதான் எதிரி. டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை மூன்றும் சேர்ந்து சத்தத்தைப் பந்தாடும். சுடும் இடத்துக்கு அடியில் ஜமுக்காளம் விரியுங்கள். இரண்டு பக்கமும் கொடி கட்டி, கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். குழல் முனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அறைக்குள் இரண்டு மூன்றடி உள்வாங்கி இருந்தால், காற்று வெடிக்கும் சத்தத்தை அறையே பாதி விழுங்கிக்கொள்ளும்.

வீட்டில் வசதியில்லை, ஊருக்கு வெளியே சொந்த நிலம் இருக்கிறது என்பவர்கள் தூரத்தைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். 20 மீட்டரில் கேட்பதைவிட 40 மீட்டரில் 6 குறைவு, 80 மீட்டரில் 12 குறைவு. மரங்களை நம்பாதீர்கள். மாந்தோப்பு பார்க்க அடர்த்தியாகத் தெரியும், ஆனால் இலை ஒலியைத் தடுப்பது கொஞ்சம்தான். ஆள் உயர மண்கரை தடுக்கும். வெட்டிப்போட்ட மண்மேட்டுக்கு முன்னால் பெட்டியை வைத்தால் சத்தத்துக்கும் தடை, தப்பிய பெல்லட்டுக்கும் தடை.

நம் ஊரைச் சுற்றி இருப்பது மொட்டைப் பாறைக் குன்றுகள். பாறையைப் பார்த்துச் சுட்டால் சத்தம் அப்படியே திரும்பி ஊருக்கு வரும். குன்றுக்கு முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் திரும்பி நிற்கும்படி திசையை அமையுங்கள். மார்கழி, தை மாதத்தில் விடியற்காலையில் பனிமூட்டம் இருக்கும்போது தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே இருப்பது சூடாகவும் இருக்கும். அப்போது ஒலி மேலே போகாமல் வளைந்து தரைக்கே திரும்பும். ஒரு மைல் தள்ளி இருக்கும் கோயில் பாட்டு அந்த நேரத்தில் பக்கத்தில் பாடுவது போலக் கேட்பதும் இதனால்தான். அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பாலாற்று மணல்வெளி சும்மாதானே கிடக்கிறது என்று அங்கே போகாதீர்கள். ஆடு மாடு ஓட்டிக்கொண்டு எந்த நேரமும் ஆள் நடக்கும் பொது இடம் அது. காட்டோரம் அறவே வேண்டாம்.

நான்காவது: பெல்லட்டைத் தேர்ந்தெடுப்பது

கடையில் 'அதிவேகம்' என்று எழுதிய லேசான பெல்லட்டை ஆசைப்பட்டு வாங்காதீர்கள். ஒலியின் வேகம் 20 டிகிரி வெப்பத்தில் நொடிக்கு 343 மீட்டர். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் 40 டிகிரியைத் தொடும்போது அது 355-க்கு வந்துவிடும். பெல்லட் இந்த வேகத்தை நெருங்கினால் சாட்டை சொடுக்கிய மாதிரி ஒரு சத்தம் வரும். அதற்கு எந்தப் போர்வையும் மெத்தையும் உதவாது. குறியும் சிதறும்.

20 ஜூல் துப்பாக்கியில் 0.35 கிராம் பெல்லட் போட்டால் வேகம் 338 மீட்டர் வரை போகலாம், விளிம்பில் நிற்கிறது. 0.5 கிராம் என்றால் 283. 0.68 கிராம் என்றால் 242. ஆக, அரை கிராமும் அதற்குக் கொஞ்சம் மேலும் இருக்கும் ஈய பெல்லட்டை வாங்கினால் சொடுக்குச் சத்தம் என்ற பிரச்சினையே இல்லை. ஸ்பிரிங் துப்பாக்கியில் ரொம்ப லேசான பெல்லட் இன்னொரு கெடுதலும் செய்யும். பெல்லட் சட்டென்று ஓடிவிடுவதால் முன்னால் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் முட்டும். சத்தமும் கூடும், காற்று கசியாமல் அடைக்கும் சீலும் சீக்கிரம் போகும். இதே காரணத்தால்தான் பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடக் கூடாது என்பதும்.

10 மீட்டர் போட்டித் துப்பாக்கிகள் நொடிக்கு 175 மீட்டர் அளவில்தான் சுடுகின்றன, சக்தி 7 அல்லது 8 ஜூல். அட்டையில் ஓட்டை போட அதுவே தாராளம். இன்னும் வாங்காதவர்களுக்கு என் யோசனை, வீட்டில் பழக என்றால் சக்தி குறைந்ததையே வாங்குங்கள். மோதல் சத்தம், குழல் சத்தம் இரண்டும் தானாகவே குறைவாக இருக்கும்.

ஐந்தாவது: துப்பாக்கியில் நாம் தொடக்கூடியவை

கட்டையையும் இரும்பையும் சேர்க்கும் திருகுகள் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை சுடும்போதும் கடகட என்று ஓர் உதிரிச் சத்தம் வரும். மாதம் ஒருமுறை சரியான அளவுத் திருப்புளியால் இறுக்குங்கள். பிளாஸ்டிக் கட்டை உள்ளே பொள்ளலாக இருக்கும், தட்டினால் குடம் மாதிரி ஒலிக்கும். பின்பக்க மூடியைக் கழற்றி ஸ்பாஞ்ச் துண்டுகளைத் திணித்தால் அந்த அதிர்வு அடங்கும். துப்பாக்கியை மேசைமேல் நேராக வைத்துச் சுட்டால் மேசையே சேர்ந்து ஒலிக்கும். மடித்த கம்பளியோ மணல் நிரப்பிய துணிப்பையோ அடியில் இருக்கட்டும்.

சுட்டதும் குழல் மடியும் இணைப்பில் 'உஸ்' என்று காற்று கசிகிறதா என்று பாருங்கள். அங்கே மெல்லிய பேப்பர் துண்டு ஒன்றை வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். அந்த இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றுவது சின்ன வேலை.

எண்ணெய் விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்பிரிங் கிறீச்சிடுகிறது என்று தையல் மெஷின் எண்ணெயை எடுத்து, காற்று வரும் துளையில் நாலைந்து சொட்டு விட்டேன். அடுத்து சுட்டபோது லட்சுமி வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம், குழல் முனையில் நீலப் புகை, கருகிய வாடை. தெருவில் போன ஆட்டோ நின்றே விட்டது, ஓட்டுநர் டயர் வெடித்துவிட்டது என்று இறங்கிப் பார்த்தார். பிஸ்டன் காற்றை அமுக்கும்போது உண்டாகும் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்வதால் வருவது அது. அப்படி வெடிப்பது தொடர்ந்தால் ஸ்பிரிங்கும் சீலும் உடையும். எனக்கு ஸ்பிரிங் உடைந்தது. புதுத் துப்பாக்கியில் முதல் சில டஜன் பெல்லட்டுக்கு லேசான புகையும் வாடையும் இருந்தால் பயப்பட வேண்டாம், தொழிற்சாலையில் விட்ட எண்ணெய் தீரும்வரை அப்படித்தான். அதற்குப் பிறகும் நின்றபாடில்லை என்றால் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

பழைய துப்பாக்கிகளில் பிஸ்டன் வாஷர் தோலில் இருக்கும். தோல் காய்ந்தால் சுருங்கும், காற்று ஒழுகும், பிஸ்டன் மோதும் சத்தம் கூடும். அதற்கு எப்போதாவது ஒரே ஒரு சொட்டு, அதுவும் அந்தத் துப்பாக்கிக்கென்று தயாரிப்பாளர் சொன்ன எண்ணெய். வாஷர் செயற்கைப் பொருளில் இருந்தால் அதுவும் வேண்டியதில்லை.

ஸ்பிரிங்கின் 'டொய்ங்' என்ற இழுவைச் சத்தத்துக்கு மருந்து, சுருளுக்கும் அதன் உள்ளே இருக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறைத்து, பிசின் மாதிரி கெட்டியான கிரீஸ் தடவுவது. மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் நீங்களே திறக்காதீர்கள். உள்ளே ஸ்பிரிங் எப்போதும் அமுங்கிய நிலையில்தான் இருக்கிறது, கடைசித் திருகு கழன்றதும் பின்மூடி முகத்துக்கு நேரே பாயும். அதற்கென்று உள்ள அமுக்கும் கருவியோடு செய்கிற மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் வாயு அடைத்த சிலிண்டர் உள்ள மாடல்களில் இந்த 'டொய்ங்' கிடையாது, வாங்கும்போது யோசிக்கலாம்.

முன்கூட்டியே அழுத்திய காற்றில் ஓடும் பிசிபி வகைகள் உள்ளே அமைதியானவை, ஆனால் குழல் முனையில் அதிகம் கத்தும். சக்தியைக் குறைக்கும் திருகு உள்ள மாடலாக இருந்தால் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், மற்றபடி உள்ளறையும் மெத்தையும்தான் வழி. அதன் காற்றுத் தொட்டிப் பக்கம் சாதாரண எண்ணெய், கிரீஸ் எதுவும் படவே கூடாது. உயர் அழுத்தக் காற்றில் அது வெடிக்கும்.

ஆறாவது: நேரமும் அக்கம்பக்கமும்

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். வேலூர் மாதிரி தெருவுக்குத் தெரு மருத்துவமனையும், வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வந்து லாட்ஜிலும் வாடகை அறையிலும் தங்கியிருக்கும் நோயாளிகளும் உள்ள ஊரில், அந்த 100 மீட்டரை மட்டும் கணக்கில் வைத்தால் போதாது. பக்கத்து மாடியில் யார் படுத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

நான் இப்போது சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு மணிக்குள் சுடுகிறேன். தெருவில் வண்டிச் சத்தம், பிள்ளைகள் விளையாடும் சத்தம் எல்லாம் இருக்கும் நேரம். முப்பது, நாற்பது பெல்லட்டோடு நிறுத்திவிடுவேன். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை தொடுவதில்லை. பொதுத்தேர்வு மாதத்தில் எதிர்வீட்டுப் பெண் பிளஸ் டூ என்று தெரிந்ததும் ஒரு மாதம் உறையிலிருந்தே எடுக்கவில்லை.

முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். என்ன செய்கிறீர்கள், எங்கே வைத்துச் செய்கிறீர்கள், பெல்லட் வெளியே வராது என்பதற்கு என்ன ஏற்பாடு என்று காட்டுங்கள். துப்பாக்கி என்ற சொல்லுக்கே பயம் வரும், அது நியாயமான பயம். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினேன். துணிக்குள் கைவிட்டு ஒரு பெல்லட்டை எடுத்துக் கொடுத்தேன். பூண்டுப் பல்லைத் தட்டியது போல நசுங்கி இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா அவ்ளோ சத்தம்?" என்று கேட்டார். பிறகு அவர் வீட்டுக்குள் போய் நிற்க, நான் ஐந்து முறை சுட்டேன். வெளியே வந்து "சுட ஆரம்பிச்சிட்டியா?" என்றார்.

கடைசியாக ஈயம்

பெட்டியைக் கலைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், துணியை உதற வேண்டாம், புழுதி மூக்கில் ஏறும். தரையில் பழைய நாளிதழ் விரித்து, பெல்லட்டுகளைப் பொறுக்கி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். 500 பெல்லட் சேர்ந்தால் கால் கிலோ ஈயம். அதை வீட்டில் உருக்காதீர்கள், கிணற்றடியிலோ செடிக்கடியிலோ கொட்டாதீர்கள். பழைய பேட்டரி எடுக்கும் கடையில் ஈயமாகவே வாங்கிக்கொள்வார்கள். கிழிந்துபோன துணியைத் தனியாகக் கட்டிப் போடுங்கள், அடுப்பெரிக்கக் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அப்புறம் டீ குடியுங்கள்.